சென்டார் மேலடுக்கு: 1962-இல் அதைக் கைவிடச் சொன்னது பிழையான தீர்ப்பா?

விண்ணேணி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். திரவ ஹைட்ரஜனை எரித்துப் பறந்த முதல் மேலடுக்கான (ராக்கெட்டின் மேற்பகுதியில் அமர்ந்து, கீழடுக்கு எரிந்து முடிந்தபின் இயங்கும் பகுதி) சென்டாரைப் பற்றி இந்த மன்றத்தில் அவ்வப்போது ஓரிரு வரி எழுதியிருக்கிறோமே தவிர, அது உருவான கதையை முழுதாகப் பேசியதில்லை. எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

1962 மே 8 அன்று கேப் கனாவரலிலிருந்து அட்லஸ் ராக்கெட்டின் மேல் அமர்ந்து புறப்பட்ட முதல் சென்டார், 54-ஆவது நொடி வாக்கில் வெடித்துச் சிதறியது. காற்றின் தாக்கம் உச்சத்தை நெருங்கும் கட்டத்தில், ஹைட்ரஜன் தொட்டியின் முன்புறத்தை மூடியிருந்த உறை பிய்ந்து தொட்டி கிழிந்ததே காரணம். அப்போது இத்திட்டம் ஹன்ட்ஸ்வில்லில் இருந்த நாசாவின் மார்ஷல் மையத்தின் பொறுப்பில், அதாவது அதன் இயக்குநர் வான் பிரவுனின் கையில் இருந்தது. அந்த விபத்துக்குப் பின் சில மாதங்களில் அவர் சென்டாரைக் கைவிட்டுவிட்டு, தம் மையத்தின் சாட்டர்ன் ராக்கெட்டின் மேல், ஹைட்ரஜன் அல்லாத எரிபொருளில் இயங்கிய அஜீனா என்ற மேலடுக்கைப் பொருத்தி நிலவுக் கலங்களை அனுப்பலாம் என்று பரிந்துரைத்தார். நாசா தலைமையகம் அதை ஏற்காமல், 1962 அக்டோபரில் திட்டத்தைக் கிளீவ்லாந்தின் லூயிஸ் ஆய்வு மையத்திற்கு மாற்றியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1966 மே 30 அன்று, அதே அட்லஸ்-சென்டார்தான் சர்வேயர்-1 கலத்தைச் சுமந்து சென்றது. ஜூன் 2 அன்று அது நிலவில் மெதுவாக இறங்கியது. அப்படியானால் வான் பிரவுன் சொன்னது வெறும் பிடிவாதம்தானே என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதும்படி வேண்டுகிறேன்.

குளிர்நிலை:

நண்பர் விண்ணேணி அவர்களுக்கு, “பிடிவாதம்” என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்து ஒருவரைக் குறை கூறுவது எளிது. 1962-இன் நடுவில் அந்த மேசையில் இருந்த தாள்களை மட்டும் வைத்துப் பாருங்கள்.

இத்திட்டத்திற்கு 1958 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. முதல் ஏவுதல் 1961 ஜனவரியில் நடக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தார்கள். அது ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போனது. சென்டாரையே நம்பியிருந்த ராணுவத்தின் அட்வென்ட் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் திட்டம் 1962 மே மாதத்திலேயே கைவிடப்பட்டது. வெள்ளிக் கோளுக்கு ஒரு பெரிய மரைனர் கலத்தைச் சென்டாரில் அனுப்ப எண்ணியிருந்தவர்கள், அது காலத்துக்கு வராது என்று தெரிந்ததும், ஏறத்தாழ 200 கிலோ எடையில் ஒரு சிறிய கலத்தை அவசரமாகக் கட்டி, 1962 ஆகஸ்ட் 27 அன்று அட்லஸ்-அஜீனாவில் அனுப்பினார்கள். அந்த மரைனர்-2 தான் வேறொரு கோளை அருகில் சென்று ஆராய்ந்த முதல் கலம். ஆக, கையில் வேலை செய்கிற அஜீனா ஒரு பக்கம், ஒரே முறை பறந்து வெடித்த சென்டார் மறுபக்கம். பொறுப்பில் இருக்கும் எந்தப் பொறியாளரும் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இன்னொன்று. வான் பிரவுன் ஹைட்ரஜனையே வெறுத்தார் என்பது போன்ற ஒரு கருத்து பரவியிருக்கிறது. அது சரியல்ல. 1959 டிசம்பரில் நாசா அதிகாரி ஏப் சில்வர்ஸ்டீன் தலைமையிலான குழு, சாட்டர்னின் மேலடுக்குகள் எல்லாம் ஹைட்ரஜனில்தான் இயங்க வேண்டும் என்று முடிவு செய்தபோது அவரும் அதை ஏற்றுக்கொண்டார். 1964 ஜனவரி 29 அன்று அவருடைய சாட்டர்ன்-1 ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு, சென்டாருக்காகச் செய்த அதே ஆர்எல்-10 எஞ்சின்கள் ஆறைக் கொண்டு பறந்தது. அவருடைய அச்சம் எரிபொருளைப் பற்றியது அன்று, சென்டாரின் தொட்டியைப் பற்றியது.

பொருநை:

குளிர்நிலை அவர்கள் தொட்டியைச் சொன்னது நல்லதாயிற்று. ஆனால் அதற்கு முன், ஹைட்ரஜனுக்காக ஏன் இவ்வளவு பாடு என்பதை இளையவர்களுக்காக ஒரு கணக்கோடு சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நான் இதைப் போட்டுக் காட்டுவது வழக்கம்.

ஒரு டன் எடையை நொடிக்கு 4.5 கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்குத் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஜீனாவைப் போல அமிலமும் ஹைட்ரசின் வகை எரிபொருளும் கலந்து எரித்தால், ஒரு கிலோ உந்துபொருள் ஒரு கிலோ எடைக்கு இணையான விசையைச் சுமார் 290 நொடி தரும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்தால் அதே ஒரு கிலோ சுமார் 430 நொடி தரும். ராக்கெட்டின் வேகத்தையும் உந்துபொருளின் எடையையும் இணைக்கும் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் இவ்விரண்டையும் இட்டால், முதல் வழியில் ஏறத்தாழ 3.9 டன் உந்துபொருள் வேண்டும். இரண்டாவது வழியில் 1.9 டன் போதும். அந்த வேறுபாட்டுக்காகத்தான் எல்லாப் பாடும். 1903-இலேயே சியோல்கோவ்ஸ்கி இந்த ஹைட்ரஜன்-ஆக்சிஜன் இணையை எழுதி வைத்துவிட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் இந்த ஆதாயத்தை அப்படியே தின்றுவிடும் ஒரு பகை உண்டு. திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான். திரவ ஆக்சிஜனோ 1,140 கிலோ. எடையில் ஆக்சிஜன் ஐந்து பங்கு, ஹைட்ரஜன் ஒரு பங்கு என்று கலந்தாலும், இடத்தில் ஹைட்ரஜன் மூன்று மடங்குக்கும் மேல் கேட்கிறது. தொட்டி பெரிதானால் தொட்டியின் எடையும் கூடும். கூடவிட்டால் ஹைட்ரஜனால் கிடைத்த லாபம் இரும்பிலேயே போய்விடும். ஆகவே மெலிந்த தொட்டி என்பது சென்டாரைப் பொறுத்தவரை ஆடம்பரம் அன்று. அது இல்லாவிட்டால் திட்டத்துக்கே பொருள் இல்லை.

ஆர்கான் பட்டறை:

நான் படித்தவன் அல்லேன். முப்பது ஆண்டுகளாக எவர்சில்வர் தொட்டிகள் செய்து வருகிறேன். இந்த இழையில் தொட்டி என்ற சொல் வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சென்டார் தொட்டியின் தகடு எவ்வளவு கனம் என்று யாராவது சொல்ல முடியுமா?

விண்ணேணி:

ஐயா, பெரும்பகுதி 0.014 அங்குலம், அதாவது 0.36 மில்லிமீட்டர். விட்டம் 10 அடி, நீளம் ஏறத்தாழ 30 அடி. உள்ளே விலாவோ குறுக்குச் சட்டமோ எதுவும் கிடையாது. காற்றடைத்த பலூனைப் போல உள்ளழுத்தத்தால்தான் அது நிமிர்ந்து நிற்கிறது. அழுத்தத்தை இறக்கிவிட்டால், இழுத்துப் பிடித்து வைக்காத வரையில், தன் எடையிலேயே நசுங்கிவிடும். இந்த உத்தி சென்டாருக்குப் புதிதன்று. பெல்ஜியத்தில் பிறந்த கரேல் போசார்ட், கான்வேர் நிறுவனத்தில் அட்லஸ் ஏவுகணைக்காக உருவாக்கியது. அதே நிறுவனத்தின் கிராஃப்ட் எரிக்கே அதை ஹைட்ரஜனுக்கு எடுத்துக்கொண்டார். எரிக்கே ஜெர்மனியின் பீனமுண்டே ராக்கெட் மையத்தில் வேலை பார்த்தவர். ஹைட்ரஜன் எஞ்சின் பற்றிய எண்ணம் அங்கேயே அவருக்குள் விழுந்துவிட்டது.

ஆர்கான் பட்டறை:

0.36 என்றால் எங்கள் பேச்சில் 28 கேஜைவிடவும் சற்று மெலிது. வீட்டில் சோறு உண்ணும் தட்டுகூட இதைவிடக் கனமாக இருக்கும். பத்தடி விட்டத்தில் அந்தத் தகட்டை வளைத்து நீளமாகப் பற்றவைப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை, கையில் டார்ச் பிடித்தவனிடம் கேட்டுப் பாருங்கள். சூடு ஒரு கணம் கூடினால் ஓட்டை விழும். சீராக இல்லாவிட்டால் தகடு அலையலையாக நெளியும். நெளிந்ததைத் தட்டி நேராக்கவும் முடியாது.

நான் ஒருமுறை ஒரு பால் பண்ணைக்குக் குளிரூட்டும் தொட்டி செய்து கொடுத்தேன். பட்டறையில் காற்று ஏற்றி, இணைப்பு முழுவதும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை. பண்ணையில் குளிர்நீர் ஓடத் தொடங்கிய மறுநாள், இணைப்பின் ஓர் ஓரத்தில் பனி பூத்தாற்போல ஒரு கோடு தெரிந்தது. விரலால் துடைத்தால் மீண்டும் ஈரம் கசிந்தது. தொட்டியை வெளியே எடுத்து வெயிலில் வைத்துச் சோதித்தால் கசிவே இல்லை. குளிரில் தகடு சுருங்கும்போது மட்டும் வாய் திறக்கும் மயிரிழைப் பிளவு அது. பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்த குளிருக்கே எனக்கு அந்தக் கதி என்றால், ஹைட்ரஜனின் குளிரில் அந்தத் தகட்டுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

குளிர்நிலை:

ஐயா எழுதியதை இருமுறை படித்தேன். அதுதான் நடந்தது, ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து.

சென்டாரில் மேலே ஹைட்ரஜன், கீழே ஆக்சிஜன். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பொதுத் தடுப்பு. ஹைட்ரஜன் −253 பாகை செல்சியஸில் இருக்கிறது, ஆக்சிஜன் −183 பாகையில் இருக்கிறது. நமக்கு உறைபனியாகத் தோன்றும் திரவ ஆக்சிஜன், ஹைட்ரஜனுக்கு 70 பாகை சூடான அடுப்பு. அந்தச் சூடு ஏறினால் ஹைட்ரஜன் கொதித்து வீணாகும். ஆகவே தடுப்பை இரட்டைத் தகடாகச் செய்து, இடையில் கண்ணாடி இழையை நிரப்பியிருந்தார்கள். ஹைட்ரஜனை ஊற்றியதும் இடைவெளியில் இருக்கும் காற்று உறைந்து ஒட்டிக்கொள்ள, அங்கே தானாகவே வெற்றிடம் உண்டாகும். மிக அழகான ஏற்பாடு, தகட்டில் பிளவு இல்லாத வரையில். 1961-இல் செய்த சோதனைகளில் வெப்பக் கணக்கு ஒத்துவரவில்லை. தேடிப் பார்த்தபோது ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளுக்கு அருகே நுண்ணிய விரிசல்கள் இருந்தன. சாதாரண வெப்பநிலையில் கசிவுச் சோதனையில் தேறிய தடுப்பு, கடுங்குளிரில் ஹைட்ரஜனை இடைவெளிக்குள் விட்டுக்கொண்டிருந்தது. வெற்றிடம் போனதும் வெப்பக் காப்பும் போயிற்று.

நான் திரவ வாயுக்கள் கையாளும் ஆலையில் வேலை செய்தவன் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். காப்பு உரிந்த திரவ நைட்ரஜன் குழாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் அடிப்புறத்தில் வெளிர்நீலத் துளிகள் திரண்டு சொட்டும். தண்ணீர் அன்று, ஆக்சிஜன் மிகுந்த திரவக் காற்று. நைட்ரஜன் −196 பாகையில் இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் திரவமாகிறது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் அந்தச் சொட்டு விழுந்தால் ஆபத்து என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவார்கள். ஹைட்ரஜன் தொட்டியின் வெளிப்புறத்தில் காற்று திரவமாவதோடு நிற்காது, கட்டியாகவே உறையும். அதனால்தான் சென்டாரைச் சுற்றி நான்கு காப்புப் பலகைகளைப் பொருத்தி, அவற்றுக்கும் தொட்டிக்கும் இடையே ஹீலியத்தைச் செலுத்தினார்கள். அந்தக் குளிரிலும் உறையாத வாயு அது ஒன்றே. அடர்ந்த காற்றைக் கடந்ததும் பலகைகளை உதிர்த்துவிட வேண்டும். இவ்வளவு மெல்லிய உடலைச் சுற்றி இப்படி உதிரும் பொருள்களை மாட்டினால், முதல் பயணத்திலேயே காற்று அதைப் பிய்த்ததில் என்ன வியப்பு?

மார்ஷல் மையத்தார் இந்தத் தொட்டியை நம்பாததற்கு வேறொரு பின்னணியும் உண்டு. அவர்கள் கட்டிய ராக்கெட்டுகள் காற்றழுத்தம் இல்லாவிட்டாலும் தாமாகவே நிற்கும் தடித்த உடல் கொண்டவை. போசார்ட் ஒருமுறை அழுத்தமேற்றிய அட்லஸ் தொட்டியை மரச் சுத்தியலால் அடித்துப் பார்க்கும்படி அவர்களுடைய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தார் என்றும், தொட்டியில் ஒரு பள்ளமும் விழாமல் சுத்தியல்தான் எகிறித் திரும்பியது என்றும் ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சுத்தியலைத் தாங்கிய தொட்டி ஹைட்ரஜனின் குளிரைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

விண்ணேணி:

ஒப்புக்கொள்கிறேன். “பிடிவாதம்” என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் கேள்வி முடியவில்லை. தடுப்பில் விரிசல், உறையில் பலவீனம் என்பவை கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய பிழைகள். திருத்தக்கூடிய பிழைக்காக ஒரு திட்டத்தையே கைவிடச் சொல்வது எப்படிச் சரியாகும்?

எஞ்சினின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் அதற்கு முன் சன்டான் என்ற மறைவுத் திட்டத்தில், ஹைட்ரஜனில் பறக்கும் உளவு விமானத்துக்கான எஞ்சினைச் செய்துகொண்டிருந்தது. ஃபுளோரிடாவில் வெஸ்ட் பாம் பீச்சுக்கு அருகே சதுப்பு நிலத்தில் ஹைட்ரஜன் ஆலையைக் கட்டி, ஊராருக்கு உரத் தொழிற்சாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். விமானம் கைவிடப்பட்டாலும் அந்தக் கைப்பழக்கம் ஆர்எல்-10 எஞ்சினில் வந்து சேர்ந்தது. இந்த எஞ்சினின் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பம்பைச் சுழற்றத் தனியாக எதையும் எரிக்க வேண்டியதில்லை. குளிர்ந்த ஹைட்ரஜனை எஞ்சின் சுவரிலுள்ள குழாய்களின் வழியே விட்டால், சுவர் குளிர்கிறது; ஹைட்ரஜனோ சூடேறி விரிந்து, டர்பைனைச் சுழற்றிவிட்டு, பிறகுதான் எரியறைக்குள் போகிறது. சுவரைக் காப்பாற்றும் வேலையும் பம்பை ஓட்டும் வேலையும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகின்றன. ஒவ்வோர் எஞ்சினும் 15,000 பவுண்டு, அதாவது 6.8 டன் உந்துவிசை தந்தது, சென்டாரில் இரண்டு.

1959-இல் ஓடத் தொடங்கிய இந்த எஞ்சின், படுக்கை நிலையில் வைத்துச் செய்த சோதனைகளில் மீண்டும் மீண்டும் தேறியது. 1960 நவம்பரில் இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து நிமிர்த்தி வைத்துப் பற்றவைத்தபோது வெடித்தது. முதலில் சோதனையின் இயக்க முறையில்தான் தவறு என்று எண்ணினார்கள். 1961 ஜனவரியில் மறுபடியும் வெடித்தது. பிறகுதான் புரிந்தது: படுத்திருக்கும்போது ஆக்சிஜன் பற்றவைப்பானுக்கு அருகே தேங்கி நின்றது, நிமிர்த்தியதும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிட, தீப்பொறி விழும் இடத்தில் சரியான கலவை இல்லை. பற்றவைப்பானுக்கே தனியாக ஆக்சிஜனை ஊட்டியதும் சிக்கல் தீர்ந்தது. எஞ்சினை யாரும் கைவிடச் சொல்லவில்லையே!

பொருநை:

இந்த இடத்தில் நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் உள்ள மகேந்திரகிரி தெரியும் தொலைவில்தான் நான் வளர்ந்தேன். இந்தியாவின் கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் திரவங்களில் இயங்கும்) மேலடுக்கு முதன்முதலாக 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட்டில் பறந்தபோது, எரிபொருளை ஊட்டும் டர்போ பம்ப் நின்றுபோய் முயற்சி தோற்றது. நிலத்தில் பலமுறை ஓடிய எஞ்சின் அது. அதன்பின் மகேந்திரகிரியில் வெற்றிடச் சூழலை உண்டாக்கி அங்கேயே பற்றவைத்துச் சோதித்த பிறகே, 2014 ஜனவரி 5 அன்று டி-5 வெற்றி பெற்றது. எஞ்சினின் இயக்க முறை வேறு, காலம் வேறு. இருந்தாலும், மேலடுக்கு என்பது தான் வேலை செய்ய வேண்டிய சூழலை நிலத்தில் பார்க்கவே முடியாத ஒரு கருவி என்ற சங்கடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இங்கிருந்து கேட்கிறேன்: லூயிஸ் மையத்தார் வந்த பிறகு உண்மையில் என்ன மாறியது? வடிவமைப்பா, ஆட்களா, சோதனையா?

குளிர்நிலை:

அம்மா, வடிவமைப்பின் அடிப்படை மாறவில்லை. தொட்டி அதே பலூன் தொட்டி, எஞ்சின் அதே எஞ்சின், பொதுத் தடுப்பும் அதே பொதுத் தடுப்பு. மாறியவை மற்ற இரண்டும்.

லூயிஸ் மையத்தின் இயக்குநராக இருந்த ஏப் சில்வர்ஸ்டீன், 1955-லேயே திரவ ஹைட்ரஜனை உயரப் பறக்கும் விமானங்களுக்குப் பயன்படுத்துவது பற்றி எல்டன் ஹால் என்பவரோடு சேர்ந்து அறிக்கை எழுதியவர். அந்த மையத்தில் ஹைட்ரஜனைக் கையாண்டு பழகிய ஒரு கூட்டமே இருந்தது. மார்ஷலிலோ எல்லாருடைய கவனமும் சாட்டர்னில் இருந்தது. சென்டார் அங்கே மாற்றாந்தாய்ப் பிள்ளை. கிளீவ்லாந்துக்கு வந்ததும் அதுவே மையத்தின் தலைப்பிள்ளை ஆயிற்று.

சில்வர்ஸ்டீன் எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று எனக்கு மிகவும் முதிர்ச்சியானதாகத் தோன்றுகிறது. நிலவுக்குப் போக, முதலில் புவியைச் சுற்றி ஒரு காத்திருப்புப் பாதையில் நிறுத்தி, எஞ்சினை மறுபடி பற்றவைப்பதே திட்டம். எடையற்ற நிலையில் ஹைட்ரஜன் எஞ்சினை மறுபடி ஏற்றுவது யாரும் செய்திராத காரியம். ஆகவே, முதல் சர்வேயர்களுக்கு ஒரே எரிப்பில் நேராக நிலவை நோக்கிச் செல்லும் பாதையே போதும். இரண்டாம் எரிப்பைத் தனியாகப் பழகிக்கொள்வோம் என்று அவர் பிரித்துவிட்டார். நேர்ப்பாதையில் ஏவுவதற்கான நாட்களும் நேரமும் குறுகும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்.

சோதனைகளைப் பொறுத்தவரை, பழைய காற்றுச் சுரங்கம் ஒன்றையே வெற்றிட அறையாக மாற்றி, முழு அளவுச் சென்டாரை உள்ளே நிறுத்தி அதன் மின்னணுக் கருவிகளைச் சோதித்தார்கள்; முகப்பு மூடி பிரிவதையும் வெற்றிடத்தில் பார்த்தார்கள். ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் தாளை நம்புவதற்கு மாறாக, ஒவ்வோர் உறுப்பையும் தாமே தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. 1963 நவம்பர் 27 அன்று இரண்டாவது பயணத்தில் இரண்டு எஞ்சின்களும் விண்ணில் எரிந்தன. ஹைட்ரஜன் எஞ்சின் பறக்கும்போது பற்றியது உலகில் அதுவே முதல் முறை.

விண்ணேணி:

அந்த வெற்றிக்குப் பிறகும் வழி சீராக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1964 ஜூன் 30 அன்று மூன்றாவது பயணத்தில் ஓர் எஞ்சினைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்பு பழுதாகி, எரிப்பு முன்னதாகவே முடிந்தது. 1965 மார்ச் 2 அன்று ஐந்தாவது, தளத்திலிருந்து சில அடிகூட முழுதாக எழாமல் அங்கேயே விழுந்து வெடித்தது. கீழே இருந்த அட்லஸுக்கு எரிபொருள் போகும் வால்வு மூடிக்கொண்டதுதான் காரணம். மேலே இருந்த சென்டார் செய்த பிழை எதுவும் இல்லை. 36-ஏ தளம் கருகிக் கிடக்க, பக்கத்தில் இருந்த 36-பி தளத்தை அவசரமாக முடித்து, 1965 ஆகஸ்ட் 11 அன்று ஆறாவதை ஏவினார்கள். அது வென்றது.

நான் எழுத விரும்புவது நான்காவதைப் பற்றி. 1964 டிசம்பர் 11. முதல் எரிப்பு குறையின்றி முடிந்தது. எஞ்சின் அணைந்த அந்தக் கணத்தில் தொட்டிக்குள் நடந்ததை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். அதுவரை வேகத்தின் அழுத்தத்தில் அடியில் படிந்திருந்த திரவம் எடையற்றுப் போகிறது. குழாய்களிலிருந்து பின்னோக்கித் திரும்பிய ஓட்டமும், எஞ்சின் நின்ற அதிர்வும் சேர்ந்து, மீதமிருந்த ஹைட்ரஜனைத் தொட்டியின் மேல் முனைக்குத் தூக்கி எறிந்தன. அங்கேதான் வாயுவை வெளியேற்றும் துவாரம் இருந்தது. வாயு போக வேண்டிய வழியில் திரவம் பீறிட்டது. அது ஒரு பக்கமாக உந்த, கலம் தறிகெட்டுச் சுழன்றது. மறுபடி பற்றவைக்க வேண்டிய நேரத்தில் பம்பின் வாயில் திரவமே இல்லை.

ஆர்கான் பட்டறை:

தம்பி, பால் வண்டித் தொட்டியில் குறுக்குத் தடுப்புகள் வைப்போம். பாதி நிரம்பிய வண்டி சட்டென்று நின்றால் பால் முன்னே பாய்ந்து வண்டியையே தள்ளிவிடும். அப்படித் தடுப்பு எதுவும் சென்டாரில் இல்லையா?

விண்ணேணி:

ஐயா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். அடுத்தடுத்த சென்டார்களில் செய்த திருத்தங்களில் அதுவும் ஒன்று. ஹைட்ரஜன் தொட்டிக்குள் அலையை அடக்கும் வளையத் தடுப்பைப் பொருத்தினார்கள். திரும்பி வரும் குழாய்களின் வாயில் ஓட்டத்தின் வேகத்தைக் குலைக்கும் அமைப்பை வைத்தார்கள். திரவத்தை அடியில் படியவைக்க, ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்கும் சிறு உந்திகளைப் பெரிதாக்கினார்கள். இதற்கு லூயிஸ் மையத்தில் இருந்த வீழ்கோபுரம் உதவியது. கண்ணாடிக் கலத்தில் திரவத்தை வைத்து மேலிருந்து விழவிட்டால், தரையைத் தொடும் முன் 2.2 நொடி நேரம் எடையற்ற நிலை கிடைக்கும். அந்த 2.2 நொடியைப் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டு, திரவம் எப்படிச் சுவரில் ஏறுகிறது என்று பார்த்தார்கள்.

அப்படியும் 1966 ஏப்ரல் 7 அன்று எட்டாவது பயணத்தில் பெராக்சைடு தீர்ந்துபோனதால் இரண்டாம் எரிப்பு நடக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று ஒன்பதாவதில்தான் இரு எரிப்புகளும் முறையாக நடந்தன. எண் வரிசை குழப்ப வேண்டாம். சர்வேயர்-1 ஐச் சுமந்த பத்தாவது, ஒரே எரிப்புப் பாதையில் மே மாதத்திலேயே போய்விட்டது. சில்வர்ஸ்டீன் அந்த இரண்டையும் பிரித்து வைக்காமல் இருந்திருந்தால், சர்வேயர்-1 அந்த மே மாதத்தில் புறப்பட்டிருக்காது. காத்திருப்புப் பாதையில் நின்று மறுபடி பற்றவைத்துச் சென்ற முதல் சர்வேயர், 1967 ஏப்ரலில் ஏவிய மூன்றாவது கலம்தான்.

குளிர்நிலை:

இவ்வளவையும் படித்த பிறகு என் நிலையைத் தெளிவாக வைக்கிறேன். வான் பிரவுனின் பரிந்துரை, மார்ஷல் மையத்தில் இருந்த சென்டாரைப் பற்றிய சரியான மதிப்பீடு. கவனம் இல்லாத இடத்தில், நம்பிக்கை இல்லாத கைகளில், அது 1966-இலும் பறந்திருக்காது. அவர் பிழைவிட்டது ஓரிடத்தில்: “எங்களால் முடியாது” என்பதை “முடியாது” என்று எழுதிவிட்டார். தலைமையகம் அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தது.

பொருநை:

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அஜீனாவைச் சாட்டர்னில் பொருத்துவதும் யாரும் செய்திராத இணைப்புதானே? அதற்கும் புதிய சிக்கல்கள் முளைத்திருக்கும். தெரிந்த சிக்கலையும் தெரியாத சிக்கலையும் ஒப்பிடும்போது, தெரியாததைச் சிக்கலே இல்லாதது போல நினைத்துவிட்டார்கள் என்பதே என் வாதம். மேலும், நிலவுக்கு ஒரு டன் எடையுள்ள கலத்தை அனுப்ப முழு சாட்டர்ன் ராக்கெட்டைச் செலவிடுவது, எடையைப் பற்றிய கவலையை எடையாலேயே தீர்ப்பதாகும். சர்வேயர்-1 புறப்படும்போது 995 கிலோ; நிலவில் இறங்கியபோது 294 கிலோ. ஒவ்வொரு கிலோவுக்கும் அவ்வளவு போராடிய காலம் அது.

குளிர்நிலை:

சாட்டர்ன்-அஜீனாவும் புதியதுதான் என்பது வலுவான வாதம், அம்மா. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆர்கான் பட்டறை:

தொட்டியைப் பற்றிய பேச்சில் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த மெல்லிய எவர்சில்வர் தொட்டி இன்னும் இருக்கிறதா, அல்லது அலுமினியத்துக்கு மாறிவிட்டார்களா?

விண்ணேணி:

இன்னும் எவர்சில்வர்தான், ஐயா. இன்னும் உள்ளழுத்தத்தால் நிற்கும் பலூன்தான். எஞ்சினும் அதே ஆர்எல்-10 வழிவந்தது. 1977 செப்டம்பர் 5 அன்று வாயேஜர்-1 புறப்பட்டபோது, கீழே இருந்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு எதிர்பார்த்த வேகத்தைத் தராமல் முன்னதாக நின்றது. மேலே இருந்த சென்டார் அந்தக் குறையைத் தானே கணித்து, கூடுதலாக எரிந்து ஈடுகட்டியது. அது அணைந்தபோது தொட்டியில் மிஞ்சியிருந்தது 3.4 நொடிக்கான உந்துபொருள்.

உங்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய செய்தி ஒன்று. வல்கன் ராக்கெட்டுக்காகப் பெரிதாக்கிய புதிய சென்டாரை 2023 மார்ச் 29 அன்று சோதித்தபோது, தொட்டியின் மேல் கூரையில் ஓர் இணைப்புக்கு அருகே ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றி வெடித்தது. சோதனை நடந்த இடம் ஹன்ட்ஸ்வில்லின் அதே மார்ஷல் மையம். கூரையின் அந்தப் பகுதியை வலுப்படுத்திய பிறகு, 2024 ஜனவரி 8 அன்று அது முதன்முதலாகப் பறந்தது.

ஆர்கான் பட்டறை:

இணைப்புக்கு அருகே என்றால், பற்றவைத்த கோட்டிலேயா, அதன் ஓரத்திலா? தகடு பொதுவாக அறுந்துபோவது கோட்டின் ஓரத்தில், சூடு பட்டு இளகிய பகுதியில்தான். நான் அந்தப் பால் தொட்டியில் பார்த்த பிளவும் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் இருந்தது.